எதிர்ப்பக்கம் சுற்றிய எஞ்சின்

எத்தாளை
10 பெப்ரவரி 1946

அன்பான மச்சான் ஹமீடுக்கு ஸுஹைப் எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு கதை, வெயிலுக்கு ஒரு கதை சொல்கிறது. தங்கச்சி மர்ளியா எப்படி? நீங்கள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குக் கூட்டிப் போனதோடு அவள் எங்களை மறந்துவிட்டாள் என்று உம்மாவுக்கு மனக்குறை. கூப்பன் அரிசியில் கல் பொறுக்கவே பொழுது போய்விடுமாக்கும் என்று நான் சமாளித்து வைத்திருக்கிறேன்.

இனி என் தலையிடியைக் கேளுங்கள். சண்டை முடிந்து பட்டாளம் பாலாவியில் விட்டுப்போன சாமான்களை ஏலம் போடுகிறார்கள். எங்கள் தேங்காய்த் தும்பு மில் முதலாளி மீராசாஹிப் ஹாஜியார் அங்கே போய் எண்ணெய் எஞ்சின் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த நேரம் தொடக்கம் எனக்குச் சனியன் பிடித்தது. “அது பூனைக்குட்டி மாதிரிச் சத்தம் போடாமக் கிடக்கு. நான் இஞ்ச ஒரு ஆனையைக் கட்டித் தீனி போடுறன். நோன்புப் பெருநாளைக்குள்ள விறகு பாதியாகணும் ஸுஹைப். இல்லாட்டி உன்ட நீராவி எஞ்சின் பழைய இரும்புக்குப் போகும், நீ வேற வேலை பாத்துக்க” என்கிறார்.

வண்ணாத்திவில்லுப் பக்கத்திலிருந்து வருகிற விறகு வண்டிகளை எண்ணிப் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்று. இந்தக் கரையில் எஞ்சின்காரன் ஸுஹைப் என்றால்தான் என்னைத் தெரியும்.

எஞ்சினை நீங்கள் பார்த்ததில்லை, ஆகவே சொல்கிறேன். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு தட்டு வழுகி வழுகி, நீராவியை ஒரு தரம் பிஸ்டனுக்கு முன்னாலும் ஒரு தரம் பின்னாலும் விடுகிறது. தட்டை ஆட்டுவது சுழல்தண்டில் பூட்டிய ஒரு கோணல் வட்டு. வட்டுக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு ஆடுதண்டு இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஏறி ஆடும் பலகை மாதிரி, ஒரு நுனி முன்னே போனால் மறு நுனி பின்னே வரும். எனக்கு இதை ஓட்டத் தெரியும், துடைக்கத் தெரியும். ஏன் இப்படி விறகு தின்கிறது என்று தெரியாது. பட்டறையில் எத்தனை எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர் நீங்கள். வழி சொல்லுங்கள் மச்சான்.

தங்கச்சிக்கும் உங்களுக்கும் உம்மாவின் துஆ.

உங்கள் மச்சான்
ஸுஹைப்

*

கொழும்பு
19 பெப்ரவரி 1946

அன்பின் மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இங்கே இருவரும் நலம். மாமியின் முழங்காலுக்கு மர்ளியா ஒரு தைலப் போத்தல் அனுப்புகிறாள். மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாம்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எங்கள் பாஸுக்கு வாசித்துக் காட்டினேன். கிழவர் சிரித்தார். “அந்த எஞ்சினுக்குப் பசியில்லடா, வாய மூடத் தெரியல்ல” என்றார். நீங்கள் பயப்படாதீர்கள், இது இருநூறு வருஷத்துப் பழைய நோய்.

ஆதியில் இங்கிலாந்துச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க எஞ்சின் செய்தபோது, நீராவிக் கதவைத் திறந்து மூடப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டுமாம். அவன் தூங்கி விழுந்தால் எஞ்சினும் தூங்கும். பிறகு மேலே ஆடுகிற உத்தரத்தில் ஒரு கோலைத் தொங்கவிட்டு, ஏறி இறங்கும்போது அதுவே கதவுகளைத் தட்டித் திறக்கும்படி செய்தார்கள். அதற்குப் பிறகு சுழல்தண்டில் உங்கள் கோணல் வட்டு வந்தது. ரயில் எஞ்சினுக்கு இரண்டு வட்டுகளை ஒரு வளைந்த சட்டத்தில் கோத்து, முன்னே ஓட்டவும் பின்னே ஓட்டவும் நீராவியைக் குறைக்கவும் வழி கண்டார்கள். அதை யோசித்தவன் ஒரு வேலையாள், செய்து காட்டியவன் இன்னொரு வேலையாள், பேர் போனது கம்பனிக்காரருக்கு. இது பாஸுக்கு மிகவும் பிடித்த கதை.

உங்கள் எஞ்சினின் குறை இதுதான். பிஸ்டன் கடைசி வரை போகும் வரைக்கும் நீராவி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. பாதி வழியில் கதவை மூடிவிட்டால், உள்ளே அடைபட்ட நீராவி தானாக விரிந்து மிச்ச வழியைத் தள்ளிவிடும். விறகு பாதியாகும். தட்டின் இரண்டு ஓரத்திலும் பித்தளைப் பட்டி வைத்து அதை நீட்டுங்கள், கதவு நேரத்தோடு மூடும். அப்படி நீட்டினால் கோணல் வட்டையும் திருப்பிப் பூட்ட வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று கணக்குப் பார்த்து எழுதுகிறேன்.

உங்கள் வேலை போக நான் விடமாட்டேன். தைரியமாக இருங்கள்.

அன்புடன்
ஹமீட்

*

எத்தாளை
3 மார்ச் 1946

என் அருமை மச்சானுக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். தைலம் வந்த நாள் தொடக்கம் உம்மா நடையே வேறு. நேற்று கோழியைத் துரத்திக்கொண்டு வேலி வரை ஓடினார்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கற்பிட்டியில் உடைந்து கிடந்த ஒரு வள்ளத்தின் பித்தளைத் தகட்டைக் கெஞ்சி வாங்கி, அரத்தால் ராவி, பட்டி இரண்டும் செய்துவிட்டேன். மில்லில் மட்டையைச் சீவித் தும்பெடுக்கும் முதலாம் உருளையில் நிற்கிற பாக்கியம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும், எங்கள் வேலிக்கு அடுத்த வீடு, மர்ளியாவின் கலியாணத்துக்கு வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவியவ. அவ வந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எஞ்சினுக்குத் தோடு செய்யிறீரோ?” என்றா. ஓம் அக்கா, இதைப் போட்டால் கொஞ்சமாகச் சாப்பிடும் என்றேன். “அப்ப எனக்கும் ஒரு சோடி செய்யும்” என்கிறா.

யோசித்தவன் ஒருவன், பேர் இன்னொருவனுக்கு என்று எழுதியிருந்தீர்களே, அந்த வேலையாள் ஒன்றுமே கேட்கவில்லையா? நானாக இருந்தால் கம்பனிக்காரனின் படலையில் போய் நின்று சத்தம் போட்டிருப்பேன்.

இங்கே அப்படி நடக்காது. விறகு குறைந்தால், இது என் மச்சான் ஹமீடின் மூளை என்று ஹாஜியாருக்கு முன்னால் சொல்லுவேன். கோணல் வட்டின் கணக்குக்குக் காத்திருக்கிறேன்.

ஸுஹைப்

*

கொழும்பு
28 ஏப்ரல் 1946

அன்பின் மச்சானுக்கு ஸலாம்.

பதில் சுணங்கிவிட்டது, மன்னிக்கவும். வேலை கூட. முதலில் நல்ல செய்தி. மர்ளியா உண்டாகியிருக்கிறாள். ஐப்பசிக்குப் பிறகு என்று மருத்துவிச்சி சொல்கிறா. மாமியிடம் நீங்களே சொல்லுங்கள்.

கணக்கு முடிக்க இன்னும் ஒரு அளவு தேவை. உருளைகளை எல்லாம் ஓட்டுகிற நீளத் தண்டு இருக்கிறதல்லவா, அதில் பெரிய கப்பி பூட்டியிருக்கும் இடத்தில் தண்டின் சுற்றளவு எவ்வளவு? ஆப்பு அடித்திருக்கும் காடியின் அகலம் எவ்வளவு? பளு தெரிந்தால்தான் அந்தத் தட்டு வால்வைச் சரியாக வைக்கலாம். கவனமாக அளந்து அனுப்புங்கள்.

ஹாஜியார் இப்போது என்ன நினைக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

ஹமீட்

*

எத்தாளை
5 மே 1946

அன்பு மச்சானுக்கும் என் தங்கச்சிக்கும் ஸலாம்.

அல்ஹம்துலில்லாஹ்! உம்மா அழுது, சிரித்து, பிறகு ஊருக்கெல்லாம் மாவுருண்டை கொடுத்தார்கள். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான். பெருநாள் முடிந்ததும் மர்ளியாவை இங்கே கொண்டுவந்து விடுங்கள். நாற்பது நாள் கழிந்து நீங்கள் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப் போகலாம். பாக்கியம்மா இப்போதே சொல்லிவிட்டா, பிள்ளையைக் குளிப்பாட்டுவது தன் பொறுப்பாம்.

நீங்கள் கேட்ட அளவு இதோ. எங்கள் கரையில் வள்ளத்துக்கு எடுப்பது போல வலை நூலால் சுற்றி, முடிச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு தண்டின் சுற்று, அடுத்த சின்ன முடிச்சு காடியின் அகலம். பிஸ்டனுக்குப் பக்கத்துத் தட்டுக்கும் கூரையில் ஓடுகிற தண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் கேட்டால் சம்பந்தம் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். இப்போது கோணல் வட்டு, பிஸ்டன் தள்ளிச் சுழற்றுகிற கிராங்குக்குப் பின்னால் வருகிற மாதிரிப் பூட்டியிருக்கிறது. பட்டிகள் போட்ட பிறகும் பின்னால்தானா, முன்னாலா? நடுவில் அந்த ஆடுதண்டு இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பகிடி. உங்களைப் பாலாவி ஏலத்தில் எங்கள் ஹாஜியாரோடு கண்டதாக லொறிக்காரன் ஒருவன் சொன்னான். டேய், என் மச்சான் பாலாவி வரை வந்துவிட்டு என் வீட்டுக்கு வராமல் போவாரா, கண்ணாடி போடு என்று துரத்திவிட்டேன்.

ஸுஹைப்

*

கொழும்பு
9 ஜூலை 1946

மச்சானுக்கு ஸலாம். நலம். மர்ளியாவும் நலம்.

கணக்கு முடிந்தது. கோணல் வட்டைக் கிராங்குக்கு முன்னால் வைத்துப் பூட்டுங்கள். செங்குத்துக்குச் சற்றுக் கூடுதலாக முன்னால். இதுவரை பின்னால் இருந்தது பழைய ஆள் விட்ட பிழை. அதனால்தான் இத்தனை விறகு. ஆடுதண்டைப் பற்றி யோசிக்க வேண்டாம், அதையும் கணக்கில் எடுத்தாயிற்று.

வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டாம், பளு இல்லாமல் ஒன்றும் தெரியாது. எஞ்சினிலிருந்து நீளத் தண்டுக்குப் போகிற வாரைப் பூட்டி, உருளையில் மட்டை கொடுத்து, ஹாஜியாரையும் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

ஹமீட்

*

எத்தாளை
24 ஜூலை 1946

மச்சான்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உம்மா சுகம்.

நீங்கள் எழுதியபடி ஒன்று விடாமல் செய்தேன். ஹாஜியார் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வாரைப் பூட்டினேன். உருளையில் யார் நிற்பது என்றபோது பாக்கியம்மா முன்னுக்கு வந்தா. “நம்மட தம்பிட எஞ்சினுக்கு நான் நிக்காம வேற ஆர் நிக்கிறது?”

நீராவியைத் திறந்தேன். எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றியது மச்சான். உருளையின் ஆணிகள் எப்போதும் மட்டையைக் கீழ்நோக்கிச் சீவும். அன்றைக்கு மேல்நோக்கி இழுத்தன. மட்டையோடு சேர்த்து அவவின் கையையும் காப்புக் கம்பிக்குள் இழுத்தன. நான் நீராவியை மூடினேன். மூடினாலும் சக்கரம் உடனே நிற்குமா? அது ஓய்கிற வரைக்கும் அவ கத்தினா.

புத்தளம் ஆசுபத்திரியில் இருக்கிறா. வலது கையில் இரண்டு விரல் இல்லை. ஒரு உருளைக்காரிக்கு வலது கை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். “நீர் வேணுமெண்டு செய்தனீரோ? அழாதையும்” என்று என்னைத் தேற்றுகிறா. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஹாஜியார் கதிரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சந்தியில் எனக்குப் புதுப் பேர் வைத்துவிட்டார்கள், தலைகீழ் ஸுஹைப் என்று.

நான் எதைப் பிழையாக விளங்கிக்கொண்டேன்? உங்கள் கடிதத்தை நூறு தரம் வாசித்துவிட்டேன். தயவுசெய்து உடனே எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ஸுஹைப்

*

கொழும்பு
12 ஆகஸ்ட் 1946

அன்புள்ள நானாவுக்கும் உம்மாவுக்கும் மர்ளியாவின் ஸலாம்.

நான் நல்ல சுகம். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். பாக்கியம்மா அக்காவுக்கு நடந்ததை நம்மட ஊர் றம்ஸியா ராத்தா இங்கே வந்தபோதுதான் சொன்னா. நெஞ்சு பதறிப்போனது. உங்கட கடிதம் வந்த அன்றைக்கு இவர் நோன்பு துறந்தும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன், தலையிடி என்றார். இப்போதுதான் விளங்குகிறது, உங்களை நினைத்துத்தான் கவலைப்பட்டிருக்கிறார். பதில் எழுதிவிட்டதாகச் சொன்னார். கிடைத்ததா?

நானா, உங்கட மேல பிழை இருக்காது என்று நான் இங்கே எல்லாருக்கும் சொல்கிறேன்.

எங்களுக்கும் நல்ல காலம் வருகிறது. பட்டாளத்து எண்ணெய் எஞ்சின்களைத் திருத்தி விற்கிற வேலையில் இவர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார். சித்திரையிலிருந்து பாலாவிக்குப் போய் வருகிறார். உங்களைப் பார்க்க வரவில்லையா என்று கேட்டால், ஸுஹைப் மில்லில் வேலையாக இருப்பான் என்கிறார். இனி வந்தால் விடாதீர்கள், பிடித்து வைத்துச் சோறு கொடுங்கள்.

பெருநாள் முடிந்து வருகிறேன். உம்மாவிடம் மாசிச் சம்பல் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
மர்ளியா

*

எத்தாளை
15 செப்டெம்பர் 1946

ஹமீடுக்கு,

உம்மா சுகம். உங்கள் மனைவி சுகமாக வந்து சேர்ந்தாள். அவளைப் புத்தளம் ஸ்டேஷனில் இறக்கி உங்கள் தம்பியோடு அனுப்பிவிட்டு அதே ரயிலில் நீங்கள் திரும்பிப் போனதாகச் சொன்னாள். பதில் எழுதியதாக அவளிடம் சொன்னீர்களாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. வராது என்று இப்போது தெரியும்.

எண்ணெய் எஞ்சின் லொறியில் வந்தது. கூடவே புதுக் கப்பி ஒன்று, கொழும்பில் கடைந்து, காடி வெட்டி, நீளத் தண்டில் பூட்ட ஆயத்தமாக. எங்கள் தண்டின் அளவு கொழும்புக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டே ஏற்றினேன். கப்பி தண்டில் நிற்கவில்லை, லொடலொட என்று ஆடியது. “அளவு சரியெண்டுதானே சொன்னாங்க, நீ பாரு ஸுஹைப்” என்றார் ஹாஜியார்.

பார்த்தேன். மே மாதம் நான் நூல் சுற்றி அளந்தபோது அந்தத் தண்டில் தும்புத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து மரப்பட்டை மாதிரிப் பக்குப் பிடித்திருந்தது. அதன் மேலேதான் அளந்துவிட்டேன். அடுத்த கிழமை சுரண்டித் துப்புரவாக்கியபோது தண்டு அளவில் குறைந்தது. வால்வுக்குத்தானே, அதனால் என்ன என்று விட்டுவிட்டேன். அந்தத் தண்டில் அந்த அளவு பிறகு இல்லவே இல்லை. அந்தப் பிழையான அளவை நான் உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன். அது கப்பிக்குள் இருந்தது.

கப்பியைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

பிறகு எஞ்சினிடம் போனேன். ஆடுதண்டைப் பிடித்துக் கையால் ஆட்டிப் பார்த்தேன். ஒரு நுனி முன்னே போனால் மறு நுனி பின்னே வருகிறது. அப்படியானால் கோணல் வட்டு கிராங்குக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பழைய ஆள் சரியாகத்தான் பூட்டியிருந்தான். அவன் வைத்த இடத்திலேயே வைத்து, பட்டிகளுக்காகக் கொஞ்சம் மட்டும் கிராங்குப் பக்கம் நகர்த்தினேன். ஓட்டினேன், ஆளில்லாமல், வாரில்லாமல். சரியான பக்கம் சுற்றியது. பிறகு பளுவோடு ஓட்டினேன். முன்பு எரிந்த விறகில் பாதிகூட எரியவில்லை. ஹாஜியார் வந்து நின்று பார்த்தார். “நல்லாத்தான் ஓடுது. இதைப் பெருநாளைக்கு முந்திக் காட்டியிருந்தா நான் ஏன் மத்ததை எடுக்கப்போறன்?” என்றார்.

யோசித்தவன் ஒருவன், பேர் இன்னொருவனுக்கு என்று எழுதினீர்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. யோசித்தவர் நீங்கள், தலைகீழ் என்ற பேர் எனக்கு.

எண்ணெய் எஞ்சின் விற்க வேண்டும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே ஹாஜியாரிடம் பேசியிருப்பேன். என் வேலை போனாலும் என் தங்கச்சி வீட்டு அடுப்பு எரிகிறது என்று மனம் ஆறியிருப்பேன். என் கையால் பாக்கியம்மாவின் விரலை எடுக்க வைத்தீர்களே, அது எதற்கு?

மர்ளியா பக்கத்து அறையில் இருக்கிறாள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். உன் மாப்பிள்ளைக்கு என்றேன். ஸலாம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

ஸுஹைப்

*

கொழும்பு
6 ஒக்டோபர் 1946

அன்பின் மச்சானுக்கு, ஸலாம். நீங்களும் மாமியும் மர்ளியாவும் சுகமாக இருக்க இரவு பகலாகத் துஆ கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பிள்ளை வரப்போகிறது. பட்டறைக் கூலியில் எத்தனை காலம்? பாலாவி எஞ்சின்களில் கையிருப்பையெல்லாம் போட்டுவிட்டேன். ஹாஜியார் ஓம் என்பார், மறுநாள் இல்லை என்பார். உங்கள் எஞ்சின் சரியாகிவிட்டால் அவர் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும், வார் கழன்று விழும், எல்லாரும் சிரிப்பார்கள், அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். உருளையில் ஆள் நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அல்லாஹ் அறிவான்.

உங்களை நான் கைவிடவில்லை. எண்ணெய் எஞ்சினை ஓட்ட உங்களையே வைக்கும்படி ஹாஜியாரிடம் சொல்லியிருக்கிறேன். பாக்கியம்மாவுக்கும் ஏதாவது செய்வோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மர்ளியாவுக்குச் சொல்ல வேண்டாம். இந்த நிலையில் அவள் தாங்கமாட்டாள்.

உங்கள் மச்சான்
ஹமீட்

*

எத்தாளை
12 நவம்பர் 1946

ஹமீடுக்கு ஸலாம்.

வெள்ளிக்கிழமை விடியச் சுபஹுக்குப் பிறகு உங்களுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நிறம் உங்களுடையது, குரல் உம்மாவுடையது. கோழிகள்கூடப் பயந்து போயிருக்கின்றன.

மருத்துவிச்சியின் கையிலிருந்து பிள்ளையை முதலில் வாங்கியது பாக்கியம்மா. குளிப்பாட்டுகிறதும் அவதான், சொன்ன சொல்லை விடவில்லை. இடது கையில் தலையைத் தாங்கி, வலது கையில் மிச்சமிருக்கிற விரல்களால் தண்ணீரைக் கோலி ஊற்றுகிறா. வேறு யார் தூக்கினாலும் பிள்ளை அழுகிறது. “ஹமீட் தம்பி எப்ப வருவார்? மகளைக் காட்டவேணும்” என்று தினமும் கேட்கிறா. அந்தக் கணக்கை எழுதியது யார் என்று அவவுக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. நான்தான் பிழை விட்டவன், அப்படியே இருக்கட்டும் என்று இதுவரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்காக இல்லை. உள்ளே படுத்திருக்கிறவளுக்காக.

உருளையில் ஆள் நிற்கும் என்று நினைக்கவில்லை என்கிறீர்கள். மட்டை கொடுத்து ஓட்டச் சொன்னது நீங்கள். மட்டை தானாக நடந்து போய் உருளையில் ஏறுமா? பொய்யைச் சொல்கிறபோது ஒரு தும்புக்காரனுக்குச் சொல்கிறோம் என்றாவது நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் எண்ணெய் எஞ்சினை நான் ஓட்டமாட்டேன். கரைவலை இழுக்கப் போகிறேன். கை வெடித்திருக்கிறது, ஆனால் அங்கே எல்லாரும் ஒரே பக்கம்தான் இழுக்கிறார்கள்.

வழக்கப்படி நாற்பதாம் நாள் வாருங்கள். பாய் விரிப்பேன், சோறு வைப்பேன், முகம் கோண மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாக்கியம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவ என்ன சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஸுஹைப்

*

எத்தாளை
16 டிசம்பர் 1946

ஹமீடுக்கு ஸலாம். இங்கே எல்லாரும் சுகம்.

உங்கள் தந்தி கிடைத்தது. லீவு இல்லை, மர்ளியாவையும் பிள்ளையையும் ரயிலேற்றி விடவும். அவ்வளவுதான் இருந்தது. மர்ளியா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நாற்பதுக்கும் வரேலாதாமா நானா?” என்று கேட்டாள். வேலை கூட இருக்கும் தங்கச்சி என்றேன். உங்களுக்காக நான் சொல்கிற கடைசிப் பொய் அது. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உம்மா உங்களுக்கென்று கட்டி வைத்திருந்த சேவலை அவிழ்த்து விட்டார்கள்.

தலைப்பிள்ளையைப் பெற்றவளைத் தனியே ரயிலேற்றுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வியாழக்கிழமை காலை ரயிலில் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வரத் தேவையில்லை, வீட்டில் இருங்கள். அன்றைக்குப் பாலாவி, பட்டறை, கூட்டாளி என்று எங்கேயும் போய்விடாதீர்கள்.

பாக்கியம்மாவும் வருகிறா. நான் கூப்பிடவில்லை, அவவாகத்தான் கேட்டா. வழியெல்லாம் பிள்ளை அழும், வேறு யாரிடமும் நிற்காது என்கிறா. கொழும்பு பார்க்காதவ, நல்ல சேலையை மடித்து வைத்திருக்கிறா. “ஹமீட் தம்பிக்கு நான்தான் குடுப்பன்” என்று மர்ளியாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறா. மர்ளியாவும் சரி என்றுவிட்டாள்.

அவவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நான் எட்டித்தான் நிற்பேன். பிள்ளையைப் பாக்கியம்மா நீட்டுவா, அந்தக் கையிலிருந்து நீங்கள் வாங்க வேண்டும்.

வஸ்ஸலாம்
ஸுஹைப்